கரடிப் பாடத்திற்குப் பனிக்கரடியா, நம் காட்டுக் கரடியா?

தரம் 1 பிள்ளைகளுக்குக் கரடியை மையமாக வைத்து ஒரு கிழமை பாடம் நடத்த விரும்பும் கொழும்பு ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பனிக்கரடித் தொகுதி. மற்றையது, யாலவிலும் வில்பத்துவிலும் வாழும் நம் கரடியை வைத்துத் தாமே அமைத்துக்கொள்வது. வெள்ளவத்தையில் எங்கள் வகுப்புக்கு நான் இரண்டாவதையே தெரிவுசெய்தேன் என்பதால், இவ்வலசல் அப்பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆயத்த வேலையைப் பார்த்தால் பனிக்கரடிதான் இலகு; போட்டோகொப்பி எடுத்தால் முடிந்தது. நம் கரடியையோ, நெஞ்சிலுள்ள வெண்ணிற வளைவு உட்பட, பிறிஸ்டல் போட்டில் நாமே வரைய வேண்டியிருந்தது.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளை கேட்டதைத் தன் உடம்பால் செய்து பார்க்க முடிகிறதா என்பதே எனக்கு முடிவான அளவுகோல். நம் கரடிக்கு மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் இல்லை. அந்த இடைவெளியாலேயே, உதடுகளை நீட்டி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, கறையான்களைப் புற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. இதைச் சொன்னதும், முன்பல் விழுந்ததால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துவந்த பிள்ளையொன்று கையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஈறைக் காட்டியது. பிறகு ஒவ்வொருவரும் ஸ்ரோவால் பொரியை உறிஞ்சிப் பிடித்து மற்றத் தட்டுக்கு மாற்ற, அதை எண்ணுவதே அன்றைய கணிதமாயிற்று. (பொரி ஸ்ரோவின் துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் போய்விடும்.) தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமப்பதை அறிந்தபின், சிறு தலையணை விழாமல் நான்கு காலில் நடப்பது உடற்பயிற்சியாயிற்று.

பனிக்கரடியிலும் செய்கை இல்லாமலில்லை. மாஜரின் தடவிய விரலையும் வெறும் விரலையும் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தால், கொழுப்பு குளிரைத் தடுப்பது புரியும். அதை நம் பாடத்திலும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். எனினும் கரடிகள் யாவும் குளிர்காலம் முழுதும் உறங்கும் என்று கூறும் வேலைத்தாள்களை அப்படியே கொடுக்கக் கூடாது. பனிக்கரடிகளில் பொதுவாகக் கருவுற்ற பெண்கரடியே நீண்டகாலம் குகைக்குள் தங்கும். வெப்ப நாட்டில் வாழும் நம் கரடிக்கோ குளிர்கால உறக்கமே இல்லை.

நம் கரடியைச் செல்லப் பிராணியாகக் காட்டிவிடும் அபாயமும் உண்டு. உலர் வலயத்தில் அது மனிதரைத் தாக்கிக் காயப்படுத்தியிருக்கிறது. வன்னியில் உறவினர் உள்ள பிள்ளைகள் இதை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். பயத்தை ஊட்டாமல், தூர நின்றே பார்க்க வேண்டிய விலங்கு என்று சொன்னால் போதும். முன்பள்ளியில் மூன்று வயதினருடன் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அவர்களுக்குத் துணிக்கரடியே பொருத்தமாக இருக்கக்கூடும். காலத்தைத் தெரிவுசெய்ய முடிந்தால், ஜூன் மாதமளவில் தொடங்குவது நல்லது: அப்போது காட்டில் கரடி மரமேறித் தின்னும் பாலைப்பழத்தை, வவுனியாவிலிருந்து வரும் எவரிடமாவது சொல்லிவைத்து வகுப்புக்கும் எடுப்பிக்கலாம்.