மூக்கடைப்பும் சிபாப் மெஷினும்: சூடேறும் குழாய் வாங்கலாமா?

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) மெஷினை வாங்கி, மூக்கடைப்புத் தாங்காமல் அதை அலமாரியில் தூக்கி வைத்துவிட்ட நம் ஆட்களை இங்கே தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலும் வெருலத்திலும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 மெஷின். மெஷினிலிருந்து மாஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுபோக அதற்கென்று தனியாக விற்கும் கிளைமேட்லைன் ஏர் என்ற சூடேறும் குழாயைத் தாராளமாக வாங்கலாம்.

டோங்காட்டில் மூக்குக்கு ஓய்வே கிடையாது. கோடை முழுக்கக் கடற்காற்றின் ஈரம், சுவரில் பூஞ்சை. கரும்பு வெட்டு தொடங்கினால் தோட்டத்தைக் கொளுத்துவார்கள். கரி பறந்து வந்து கொடியில் காயும் வேட்டியில் உட்காரும். ஆகஸ்ட் வாக்கில் மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று என்னும் வறண்ட வெப்பக் காற்று அடித்தால் உதடு வெடித்து, மூக்குக்குள் பொருக்குத் தட்டிவிடும். இப்படிப்பட்ட மூக்கில் இரவெல்லாம் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் சவ்வு காய்ந்து வீங்குகிறது. மூக்கு அடைத்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூக்கில் நுழையும் காற்று வாய்வழியே ஓடிவிடுவதால், மூச்சை வெளிவிடும்போது மூக்குக்குத் திரும்ப வரவேண்டிய ஈரமும் போய்விடுகிறது. அதனால் மூக்கு இன்னும் காய்கிறது, இன்னும் அடைக்கிறது. விடியற்காலையில் நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கும்.

இதைச் சொன்னால் கடையில் உடனே மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை நீட்டுகிறார்கள். சிலருக்கு அதுதான் வழி. மூக்குத்தண்டு வளைந்தவர்களுக்கு ஒருவேளை வேறு வழியே இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாயால் மூச்சு விட வசதி செய்துகொடுப்பதால் காய்ந்த மூக்கு சரியாகிவிடாது. இன்னொரு விஷயம்: பல மாஸ்க்குகளின் பட்டைக் கொக்கியில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் அதற்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது தயாரிப்பாளரே சொல்வது. பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். என் மனைவிக்கு பேஸ்மேக்கர் இருப்பதால் காந்தம் இல்லாத சின்ன மூக்கு மாஸ்க்கையே நான் வைத்துக்கொண்டேன்.

மெஷினோடு வரும் தண்ணீர்த் தொட்டி காற்றை ஈரமாக்கித்தான் அனுப்புகிறது. சாதாரணக் குழாயில் சிக்கல் எங்கே என்றால், ஜூலை மாதக் குளிரில் அந்த ஈரம் குழாய்க்குள்ளேயே வேர்த்து, சொட்டுச் சொட்டாக மூக்கில் வந்து விழும். அதற்குப் பயந்து ஈரத்தைக் குறைத்தால் பழையபடி மூக்கு காயும். கிளைமேட்லைன் குழாயில் சுற்றிலும் சூட்டுக் கம்பி ஓடுகிறது, மாஸ்க் பக்கத்து முனையில் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஆட்டோவில் விட்டால் 27 டிகிரியில் நிற்கும். நான் அதை மாற்றுவதில்லை. பெர்க் காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் மேனுவலுக்குப் போய் ஈரத்தைக் கூட்டுவேன். 1 முதல் 8 வரை வைக்கலாம். இப்போது காலையில் எழும்போது இரண்டு துவாரமும் திறந்திருக்கின்றன. என் அனுபவத்தில் வேறெந்த மாற்றமும் இவ்வளவு பலன் தரவில்லை.

குழாய் மட்டும் போதாது. மெஷினின் பின்பக்கத்து வெள்ளை ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கரும்பு எரிக்கும் பருவத்தில் அது சாம்பல் நிறமாகி, ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கழுவக் கூடாது, புதிது போட வேண்டும். ஆறு மாதம் என்கிறது கையேடு. நம் ஊருக்கு அதற்கு முன்பே தேவைப்படும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர்கள் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.

படுக்கும் முன் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்த உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். மூக்கடைப்புக்குக் கெமிஸ்டில் கிடைக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் தொடாதீர்கள். விட்டதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அலர்ஜி என்றால் டாக்டரிடம் ஸ்டீராய்டு ஸ்பிரே கேளுங்கள். அது வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

குறை என்றால், சூட்டுக்கு மின்சாரம் நிறையச் செலவாகிறது. 2023இல் லோட்ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, பேட்டரியில் ஓட்டும் இரவுகளில் தொட்டிச் சூட்டையும் குழாய்ச் சூட்டையும் அணைத்தால்தான் விடியும்வரை தாங்கியது. விலையும் அதிகம். என் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) மெஷினுக்குப் பணம் கொடுத்தது, குழாய்க்குக் கையை விரித்துவிட்டது.

வாங்கும்போது மெஷினின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். ஏர்சென்ஸ் 11க்கான குழாய் 10இல் பொருந்தாது.