கடனட்டையோடு வரும் பயணக் காப்புறுதி: எனக்கு 25 நாள், அப்பாவுக்கு 4 நாள்

வருடத்துக்கு 150 டொலர் கட்டி ஒரு கடனட்டை வைத்திருக்கிறேன். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் பாதிப் பேரின் பர்சில் இருக்கிற வகைதான். புள்ளி சேரும், எயார்போர்ட் லவுஞ்சுக்குள் போய் இருந்து ஒரு சூப் குடிக்கலாம், கூடவே "பயண மருத்துவக் காப்புறுதி உண்டு" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. போன வருடம் தை மாதம் 76 வயது அப்பாவையும் 71 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு 34 நாள் யாழ்ப்பாணம் போய் வந்தேன். அந்தக் காப்புறுதி இவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன், அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்று ரிக்கற்றும் இந்த அட்டையில்தான் வாங்கினேன். அப்பாவுக்கு என் கணக்கிலேயே ஒரு மேலதிக அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவருடைய பெயர் போட்டது, பெற்றோல் அடிக்க மட்டும் பாவிப்பார். ஆகவே அவருடைய வாதம் சுலபமானது: "உதெல்லாம் அட்டையிலேயே இருக்குதடா, பிறகேன் வீண் காசு?" நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா இருந்த நேரத்தில் காப்புறுதிச் சான்றிதழை இறக்கி வாசிக்காமல் விட்டிருந்தால் அப்படியே போயிருப்போம்.

நாற்பது பக்கத்துக்கு மேலே இருந்தது. முதல் அடி, "காப்புறுதி செய்யப்பட்டவர்" என்றால் யார் என்கிற பந்தியில். அட்டைக்காரர், அவருடைய துணை, அவரில் தங்கியிருக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான். தாய் தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரிக்கற் என் காசில் வாங்கியது என்பதால் அவர்கள் உள்ளே வந்துவிட மாட்டார்கள். அப்பாவிடம் மேலதிக அட்டை இருப்பதால் அவர் மட்டும் தப்பினார். அப்படியென்றால் அப்பாவின் மனைவி என்ற முறையில் அம்மாவும் உள்ளே வருவாவோ என்று கேட்க அட்டையின் காப்புறுதி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன், இருபது நிமிடம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு போனில் கதைத்த பிள்ளை திரும்பி வந்து, துணை என்றால் முதன்மை அட்டைக்காரரின் துணை மட்டும் என்றா. அம்மா வெளியே.

சரி, அப்பாவாவது இருக்கிறாரே என்று அடுத்த பக்கம் போனால், 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 25 நாள், 65க்கு மேலே 4 நாள். பல அட்டைகளில் இதே 65தான் கோடு. கோட்டைத் தாண்டினால் சிலதில் 3 நாள், சிலதில் 4, சிலதில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களும் ஒன்ராறியோவை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து எண்ணப்படும், ஊரில் போய் இறங்கிய நாளிலிருந்து இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "நாலு நாளோ? அதிலை இரண்டு நாள் பிளேனிலையே போயிடுமே!" என்றார். உண்மைதான். கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்துக் கோண்டாவில் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது பாதி முடிந்திருக்கும், பெட்டி பிரித்து ஆறுதலாகக் கோயிலுக்குப் போகிற அன்று மீதியும் முடிந்திருக்கும்.

ஆனால் உண்மையான பொறி நாள் கணக்கு இல்லை. ஏற்கெனவே இருக்கிற வருத்தம் எதுவானாலும் பயணம் தொடங்குவதற்கு முந்திய 180 நாள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நெஞ்சு நோகவில்லை என்றால் மாற்றமில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய அகராதி வேறு. குளிசையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம், புதிதாக ஒன்று தொடங்கினாலும் இருந்ததை நிறுத்தினாலும் மாற்றம். அப்பாவுக்குப் பிறஷர் நல்லாக இருக்குது என்று புரட்டாதி மாதம் குடும்ப டொக்டர் 10 மில்லிகிராமை 5 ஆக்கினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், அம்மா பாயாசம் கூடச் செய்தா. காப்புறுதியின் கணக்கில் அன்றைக்கே அப்பா நிலையில்லாத நோயாளி. ஒரே மருந்தில் கொம்பனிப் பெயரை விட்டு ஜெனரிக்குக்கு மாறுவது, இன்சுலின், வார்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கிற குளிசை) அளவை வழமைபோலக் கூட்டிக் குறைப்பது, இவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதுவும் பொலிசிக்குப் பொலிசி மாறும், உங்களுடையதை எடுத்து வாசியுங்கள்.

"ஓஹிப் இருக்குத்தானே" என்று ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியைச் சொல்லுகிற ஆட்களும் உண்டு. இருக்குது. நாட்டுக்கு வெளியே அவசரமாகப் படுத்தால் ஒரு நாளுக்கு உச்சம் 400 டொலர், அதுவும் தீவிர சிகிச்சை போன்ற உயர்மட்டப் பராமரிப்புக்கு. மற்றபடி 200, படுக்காமல் காட்டிவிட்டு வந்தால் 50. அதையும் 2020 ஜனவரியில் ஒன்ராறியோவின் ஃபோர்ட் அரசு நிறுத்திப் பார்த்தது, அதே வருடம் நீதிமன்றம் சொல்லித்தான் திரும்பி வந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் இது தேத்தண்ணிக் காசு. இன்னுமொன்று, பனிக்காலம் முழுக்க ஊரில் போய் நிற்கிறவர்கள் 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே நின்றால் ஓஹிப்பே ஆட்டம் காணும், பயணக் காப்புறுதி வேலை செய்ய அது உயிரோடு இருக்க வேண்டும். சூப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளைப் பார்க்க நீண்ட காலம் தங்க விடுகிற விசாவில், வந்து நிற்கிற அப்பா அம்மாவுக்கு ஓஹிப்பே இல்லை, ஆகவே இந்த அட்டைக் கதை அவர்களுக்குத் துளியும் பொருந்தாது.

கடைசியில் இரண்டு பேருக்கும் தனியாக வாங்கினேன், 180க்குப் பதிலாக 90 நாள் மாற்றமில்லாமல் இருந்தால் போதும் என்கிற ஒரு பொலிசி. புரட்டாதியிலிருந்து தைக்கு 90 தாண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து 700 டொலருக்குக் கொஞ்சம் மேலே. கேள்விக்கொத்து ஒன்று வந்தது, அதை அப்பாவோடு பக்கத்தில் இருந்து, குளிசைப் பெட்டியை மேசையில் கொட்டிவைத்து, ஒவ்வொரு போத்தலையும் பார்த்துத்தான் நிரப்பினேன். "சீனி வருத்தம் எண்டு போடாதை, விலை ஏத்திப்போடுவாங்கள்" என்று அம்மா மெல்லச் சொன்னா. போட்டேன். விற்கும்போது ஒருவரும் எதையும் சோதிப்பதில்லை, கிளெய்ம் வந்த பிறகுதான் டொக்டரின் பைலைக் கேட்டு வாங்கித் தோண்டுவார்கள், அப்போது ஒரு பதில் பிழைத்தாலும் முழுப் பொலிசியும் செல்லாமல் போகலாம்.

போய்ப் பன்னிரண்டாம் நாள் ஒரு கலியாணவீட்டுச் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. வயிற்றோட்டம், தலைச்சுற்று, எழும்பி நிற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு சேலைன் ஏற்றினார்கள். உள்ளே விட முதலே காப்புறுதிக் கொம்பனியின் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்துவிட்டேன், அங்கே இரவு ஒன்பது, இங்கே காலை பத்தரை. பில் 96,000 ரூபாய், கிட்டத்தட்ட 450 டொலர். அப்பாவின் மருந்து விபரத்தைக் கேட்டு வாங்கினார்கள், வந்து ஏழாவது கிழமை காசு போட்டார்கள். வெளிப் பாமசியில் வாங்கிய மருந்துக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அந்தப் பற்றுச்சீட்டில் அப்பாவின் பெயர் இல்லை, ஒரு சின்னத் துண்டில் தொகையும் ஒரு கையெழுத்தும்தான். பிழை என்னுடையது, கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பார்கள்.

450 டொலருக்காகவா 700 கட்டினாய் என்று அப்பா இன்னும் கேட்கிறார். ஊர் ஆஸ்பத்திரிச் செலவு எங்களால் தாங்கக்கூடியதுதான், நான் பயந்தது அதற்கில்லை. நடுவழியில் டோஹாவில் இறக்க வேண்டி வந்தால் என்ன செய்வது, படுத்த படுக்கையாகத் தாதியோடு திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தால் யார் கட்டுவது என்பதற்குத்தான் அந்த 700.

அட்டையை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மாட்டேன். போகும்போது என் சூட்கேஸ் ஒன்றரை நாள் பிந்தி வந்தது, சாரம், சேட்டு, பற்தூரிகை வாங்கிய பற்றுச்சீட்டுகளை அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் காசு தந்தார்கள். என் 25 நாளுக்கு மேலே மிச்ச 9 நாளையும் வெளிக்கிட முதல் கொஞ்சக் காசு கட்டி நீட்டிக்கொள்ள முடிந்தது. பயணம் ரத்தாவதற்கான பகுதியில் ஒரு வேடிக்கை: காப்புறுதிக்குள் சேர்க்காத அதே தாய் தகப்பன் அங்கே நெருங்கிய குடும்பத்தவர். அவர்கள் திடீரென்று சுகமில்லாமல் விழுந்து நான் பயணத்தை நிறுத்தினால் என் ரிக்கற் காசு, என் அட்டையில் ஓர் உச்சவரம்பு வரை, திரும்ப வரும். நியூ ஜேர்சிக்கு ஒரு கலியாணத்துக்குக் காரில் இரண்டு நாள் போய் வர அப்பாவின் 4 நாளும் போதும், குளிசை மாறாமல் இருந்தால்.

இந்த வருடமும் போகிற யோசனை இருந்தது. ஒக்டோபர் 10ஆம் திகதி டொக்டரிடம் போனபோது, "பயணம் முடியும்வரைக்கும் குளிசையை மாத்தாமல் விடுங்கோ டொக்டர்" என்று அப்பாவே கேட்டாராம். டொக்டர் சிரித்துவிட்டு, பிறஷரை இன்னொரு தரம் அளந்து பார்த்து, 5ஐத் திரும்ப 10 ஆக்கி அனுப்பிவிட்டார். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் கோயில் கலண்டரில் 90 நாளைக் கழித்து ஒன்று, 180 நாளைக் கழித்து ஏப்ரல் 8இல் இன்னொன்று, அம்மா சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறா.