கெத்சமனேயின் அச்சம்: ஒரு சித்தமா, இரு சித்தங்களா?

சிலுவை மரணத்துக்கு முந்தைய இரவில், கெத்சமனே தோட்டத்தில் இயேசு திகிலடைந்து வியாகுலப்பட்டதை மாற்கு நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் ஒரு சாரார், தெய்வமும் மனிதருமான கிறிஸ்துவுக்குச் சித்தம், அதாவது விரும்பித் தீர்மானிக்கும் ஆற்றல், ஒன்றே என்றனர். அவருடைய ஒருமை இதில் எளிதாகக் காக்கப்படுகிறது, ஆனால் “இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று, வரவிருந்த பாடுகளை நீக்கும்படி மன்றாடிய மனம் எது என்பதற்கு விடையில்லை.

துறவி மாக்சிமுஸோ, சாவைக் கண்டு பின்வாங்குவது மனித இயல்புக்கு உரியது, பாவமன்று என்றும், அஞ்சிய அந்த மனித சித்தமே, தெய்வ சித்தத்தால் விழுங்கப்படாமல், தானாகவே பிதாவுக்கு இணங்கியது என்றும் விளக்கினார். “என் சித்தத்தின்படியல்ல” என்ற சொல்லுக்கு இவ்வாசிப்பில்தான் பொருள் இருக்கிறது என்பது என் கருத்து. முதலாவதில் அது வெறும் பாவனையாகிவிடும். இக்கொள்கைக்காக மாக்சிமுஸின் நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. 662-இல் நாடுகடத்தப்பட்ட நிலையிலேயே இறந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் 680-681-இல் கூடிய திருச்சபைச் சங்கம் இரு சித்தங்களையே ஏற்றது.