ஜப்பான் மொழிப்பள்ளி விசா: முகவரிடம் பணம் கட்டுமுன் படிக்கவும்

ஜப்பானில் மொழிப்பள்ளியில் சேர்ந்து படிக்க முயல்வோரும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு ஏப்ரல் சேர்க்கையில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சென்னையிலுள்ள ஒரு கன்சல்டன்சி எங்களிடம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் வசூலித்தது. விசா கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அதைவிடப் பெரிய கேடு, அவன் பெயரில் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் அவர்கள் கொடுத்துவைத்த பொய்ச் சான்றிதழ்.

மாணவர் விசாவுக்கு முன்னதாகச் சி.ஓ.இ. எனப்படும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மாணவருக்காக அதற்கு விண்ணப்பிப்பது அங்குள்ள பள்ளிதானே தவிர, இங்குள்ள முகவர் அல்லர். குடிவரவு அலுவலகம் அதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பள்ளிகளும் விண்ணப்பத்தின்போது பொதுவாகத் தேர்வுக் கட்டணத்தை (விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம்) மட்டும் பெற்றுக்கொண்டு, ஆண்டுக் கட்டணத்தைச் சி.ஓ.இ. வந்த பிறகே கேட்கின்றன. எங்களிடமோ 'சி.ஓ.இ. கட்டணம்' என்று ஒரு தொகையும், முதலாண்டுக் கட்டணத்துக்கு முன்பணம் என்று பெருந்தொகையும் விண்ணப்பம் போவதற்கு முன்பே வாங்கிவிட்டு, ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் கேட்ட அப்பாவிடம், "ஜி.எஸ்.டி.க்காக அப்படித்தான் போடுவோம், சார்" என்றார் மேலாளர்.

பிப்ரவரி இறுதியில் சி.ஓ.இ. மறுக்கப்பட்டது. அதுவரை பள்ளியோடு நேரடியாகப் பேசக் கூடாது, பேசினால் விண்ணப்பம் கெட்டுவிடும் என்று எங்களை மிரட்டியே வைத்திருந்தார்கள். பள்ளிக்கு நாங்களே மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் இரண்டு செய்திகள் தெரிந்தன: அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது தேர்வுக் கட்டணம் மட்டும், தம்பி வாசலைக்கூட மிதிக்காத ஒரு பயிற்சி மையத்தில் 150 மணி நேரம் ஜப்பானிய மொழி கற்றதாக ஒரு சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. குடிவரவு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விசாரித்தபோது, தான் உண்மையில் படிக்கும் வகுப்பைப் பற்றி அவன் சொன்ன பதிலும் அந்தக் காகிதமும் முரண்பட்டதே மறுப்புக்குக் காரணம் என்று பள்ளி கேட்டறிந்து எங்களுக்குத் தெரிவித்தது.

கன்சல்டன்சி இதற்கும் ஒரு வழி சொன்னது: வேறு பள்ளி, புதிய ஆவணங்கள், கூடுதலாக ஐம்பதாயிரம். முந்தைய விண்ணப்பங்களையும் மறுப்புகளையும் பற்றிச் சி.ஓ.இ. படிவமே கேட்கிறது, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். அதை மறைத்து இன்னொரு காகிதத்தைச் செருகுவது பையனின் எதிர்காலத்தையே அடகு வைப்பதாகும்.

வேலை பற்றிய வாக்குறுதியும் இதே இனம்தான். மாதம் இரண்டு லட்சம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்றார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்று, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். டோக்கியோவில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். அந்தக் கணக்கில் மாத வருமானம் ஒன்றரை லட்சம் யென்னைக்கூட எட்டாது; ரூபாயில் அது இன்னும் குறைவு. வாடகை, சாப்பாடு, அடுத்த தவணைக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆகவே முகவர் பள்ளியின் பெயரைச் சொன்னதும், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பழைய பள்ளிகளுக்குத் தரப்பட்டுள்ள இடைக்கால அவகாசத்தில் அது இயங்குகிறதா என்று பள்ளியிடமே கேளுங்கள். கட்டணத்தைப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு தாளின் நகலையும் அனுப்புவதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். தர மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸப் குரல் பதிவுகள், பள்ளியின் மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். அதன் நகலையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் அடுத்த விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புமாறு பள்ளி சொல்லியிருக்கிறது.