ஒரே பையில் கெமாராவும் இயற்பியலும்: பாஸ்டன் மைமானிடிஸ் பள்ளி

ரப்பி (யூத மதகுரு) ஜோசப் சோலவெய்ச்சிக்கும் அவர் மனைவி டோனியாவும் 1937-இல் பாஸ்டனில் தொடங்கிய பள்ளி. இப்போது பக்கத்து ஊரான புரூக்லைனில் நடக்கிறது. வைதீக யூதர்கள் பெண்பிள்ளைகளுக்குத் தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பைச் சொல்லிக்கொடுக்கத் தயங்கிய காலத்தில், பையன்கள் படித்த அதே தல்மூதை இங்கே பெண்களுக்கும் கொடுத்தார்கள். இருபாலர் பள்ளி என்ற பெயருக்கு இதுதான் பொருள். எனக்கு இந்தப் பள்ளியில் முதலில் பிடித்ததும் இதுவே.

தல்மூத் பக்கம் லேசானதல்ல. நடுவில் மூலச் சட்டமான மிஷ்னாவும் அதன்மேல் நடக்கும் விவாதமான கெமாராவும், தைப்பை ஒட்டி ராஷி என்ற இடைக்கால அறிஞரின் உரை, வெளி ஓரத்தில் தோசஃபோத் என்ற பிற்கால உரைக்குறிப்புகள். கெமாராவில் பெரும்பகுதி அரமேய மொழி. உயிர்க்குறியும் நிறுத்தக்குறியும் கிடையாது; ராஷி உரைக்கு எழுத்து வடிவமே வேறு. ஹெவ்ரூதா என்ற ஜோடிப் படிப்பு முறையில் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படித்து, கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்று தாங்களே பிரிக்க வேண்டும். இதில் தேறிய பிள்ளைக்கு வரலாற்று ஆவணமோ வடிவியல் நிரூபணமோ மிரட்டலாகத் தெரியாது.

மதப்பாடமும் பொதுப்பாடமும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் நாட்காட்டி. பள்ளிக்குப் பெயர் தந்த மைமானிடிஸ் 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர், மருத்துவர். பிறைக் கணக்கைத் தம் சட்டநூலுக்குள்ளேயே எழுதிவைத்தவர். ஒரு மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு; 1080 பங்கு ஒரு மணி. 19 ஆண்டுக்கு 235 மாதம். எட்டாம் வகுப்புப் பிள்ளை பெருக்கிப் பார்த்தால் 19 சூரிய ஆண்டுகளைவிடச் சுமார் 2 மணி நேரம் கூடுதலாக வரும். யூதர்களின் வசந்தகாலப் பண்டிகையான பஸ்கா ஏன் நூற்றாண்டுகள் போகப்போக மெல்ல மெல்லத் தாமதமாகிறது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நோவாவின் பேழைப் படத்தை அறிவியல் நோட்டில் ஒட்டுவது இதற்கு ஈடாகாது.

இத்தகைய பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கஷ்டம் நேரம்தான். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செவ்வாயில் தொடங்கினால், இலையுதிர்காலப் பண்டிகைகளில் கடைசியான சிம்ஹத் தோரா வரையிலான 23 நாளில் 7 வேலைநாள் பண்டிகைக்கே போய்விடும். டிசம்பரில் பாஸ்டனில் 4:12-க்கே சூரியன் மறையும்; வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சபாத்துக்கு, அதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கு ஏற்ற வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விடும். கடைசிப் பீரியடில் ஆய்வுக்கூட வகுப்பைப் போட்டுவிட்டால் குளிர்காலம் முழுக்க அது நடக்காது.

ஒன்பதாம் வகுப்பில் எபிரேயம் தெரியாமல் சேரும் பிள்ளைக்குத் தனி ஆயத்த வகுப்பு கட்டாயம். நேரே பொதுவகுப்பில் உட்காரவைத்தால் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டே நாலு வருஷத்தை ஓட்டிவிடும். எந்தப் பள்ளியானாலும் சேர்க்குமுன் குளிர்கால வெள்ளிக்கிழமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆயத்த வகுப்புக்கு வாரம் எத்தனை பீரியட், அதற்காக எந்தப் பாடத்தைக் குறைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.