கட்டின வீடா, கட்டக் காசா? சுனாமி வீட்டுத்திட்டம் ரெண்டையும் வச்சு ஒரு அலசல்

2004 சுனாமிக்குப் பிறகு எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு குடுத்தது ரெண்டு வழியில. ஒண்டு, உள்ளுக்க ஒரு அரச காணி பார்த்து, என்ஜிஓ கொந்தராத்துக்காரரை வச்சு வீட்டக் கட்டி, திறப்பைக் கையில குடுக்கிறது. மற்றது, உங்கட சொந்தக் காணியில நீங்களே கட்டுங்க எண்டு கட்டம் கட்டமா காசக் குடுக்கிறது. நகரத் திட்டமிடல், உள்ளூராட்சி எண்டு ஆய்வு செய்யிற பிள்ளையள் இந்த ரெண்டையும் ஒப்பிடக்குள்ள ஒரு வீட்டுக்கு என்ன செலவு, எத்தினை மாசம், சுவர் வெடிச்சிருக்கா எண்டு அட்டவணை போடுறாங்க. அது தேவைதான், ஆனா மட்டக்களப்பு அம்பாறையில வீடு எண்டா யாருட பேரில, எந்த வளவுக்குள்ள எண்டதுதான் முதல் கேள்வி, அதை விட்டுட்டு எழுதின ஒப்பீட்டை நான் பாதி ஒப்பீடு எண்டுதான் சொல்லுவன்.

ரெண்டு வழி எப்பிடி வந்தது எண்டா, 2005 தொடக்கத்தில அரசாங்கம் கடற்கரையில இருந்து தெற்கு மேற்குப் பக்கம் 100 மீட்டர், வடக்கு கிழக்குப் பக்கம் 200 மீட்டர் எண்டு கோடு போட்டது. கோட்டுக்குள்ள இருந்த ஆக்களுக்கு வேற இடத்தில கட்டின வீடு. வெளிய இருந்தவங்களுக்கு வீடு முழுசா உடைஞ்சா 250,000 ரூபா, கொஞ்சம் உடைஞ்சா 100,000. தெற்கில 100, எங்களுக்கு மட்டும் ஏன் 200 எண்டு அப்பவே சனம் கேட்டது. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு மாதிரி ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வயல் எண்டு நெருக்கிக் கட்டின ஊர்ல 200 மீட்டரை வெட்டினா மிச்சம் எங்க இருக்கு? பிறகு அந்தக் கோட்டை இடத்துக்கு இடம் குறைச்சாங்கதான், ஆனா அதுக்குள்ள கன குடும்பம் இடம் மாறக் கையெழுத்து வச்சிட்டு.

இடம் மாத்தினதுக்கு எங்கட பெரிய உதாரணம் மட்டக்களப்பு டவுன் பக்கம் இருக்கிற திராய்மடு. நாவலடிச் சனத்தில கன பேரை அங்கதான் கொண்டுபோய் இருத்தினது. நாவலடி எண்டா கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற மணல் துண்டு, அலை வந்தா ஓட வழியில்ல, அதால இரவில படுக்கிற வீடு அங்க வேணாம் எண்ட முடிவை நான் பிழை சொல்லமாட்டன். பிழை என்னெண்டா வீட்டோட சேர்த்துத் தொழிலையும் தூக்கினது. கரைவலை இழுக்கிற ஆள் விடிய முந்தி கரையில நிக்கோணும், தோணியும் வலையும் கண்ணுக்கு முன்னால கிடக்கோணும். கரையில தங்கி நிக்க வாடி போட ஒழுங்கான அனுமதி, வலை வைக்க ஒரு கொட்டில், போய்வர பாதை, இதெல்லாம் வீட்டுத்திட்டத்தோட சேர்த்து முதல் நாளே வரைபடத்தில வந்திருக்கோணும். இப்ப புதுக் கச்சேரியே, அதான் மாவட்டச் செயலகமே, திராய்மடுவுக்கு வந்திட்டு, அந்தப் பக்கம் காணி விலையும் ஏறுது, அது நல்லதுதான், ஆனா தொழிலை விட்ட மீனவனுக்கு அது கன வருசம் சுணங்கி வந்த நல்லது.

வீட்டுட அமைப்பைப் பாருங்க. கட்டிக் குடுத்த வீட்டில குசினி உள்ளுக்க, சின்ன ஜன்னல். சமைக்கிறது விறகில. கொஞ்ச நாளில வீடு முழுக்கப் புகை, பின்னால கிடுகாலயோ தகரத்தாலயோ தனியா ஒரு குசினி எழும்பும், உள்ளுக்க கட்டின குசினி சாமான் போடுற அறையாப் போயிடும். பிளான் கீறினவர் அந்த வீட்டுப் பொம்பிளையிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா காணும்.

இனி முக்கியமான விசயம். எங்கட பக்கம் தமிழாக்களும் சரி முஸ்லிமாக்களும் சரி வீடு வளவு தாயிட்ட இருந்து மகளுக்குப் போறது, மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. மூத்தவள் கலியாணம் முடிச்சா அந்த வீடு அவளுக்கு, தாய் தகப்பன் அதே வளவில ஒரு பக்கம் சின்னதா ஒண்டு போட்டுக்கொண்டு அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவாங்க. அக்கா தங்கச்சி ஒரே வளவு, ஒரே கிணறு. சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில குடும்பத் தலைவர் யாரெண்டு கேட்டு எழுதினாங்க, எழுதினது கன இடத்தில புருசன்ட பேர். தாய்வழியா வந்த சீதன வளவு கடற்கரைக் கோட்டுக்குள்ள போக, அதுக்குப் பதிலா வந்த வீடு ஆம்பிளைட பேரில! அரச காணிக்கு 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ பெர்மிட் எண்டு வந்தா, தனக்குப் பிறகு யாருக்கு எண்டு பின்னுரித்து எழுதாட்டி ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை எண்டு இருந்தது, அதைத் திருத்தினது 2022ல. இடையில எத்தினை பொம்பிளையள் கையில இருந்த உரிமையை இழந்திருப்பாங்க எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. அதோட திட்டத்தில கிடைக்கிற துண்டுக் காணியில ரெண்டாவது மகளுக்கு வீடு கட்ட எங்க இடம்?

சொந்தக் காணியில காசு வாங்கிக் கட்டினவங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, வளவும் காணி உறுதியும் பழைய கையிலயே இருந்தது. ஆனா அந்த வழியும் சும்மா வரேல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில கட்ட சீமெந்து, மண், மேசன் கூலி எல்லாம் ஏறிட்டு, 250,000 காணாம அத்திவாரத்தோடயும் லிண்டலோடயும் நிண்ட வீடுகள் கன. புருசனைப் பறிகுடுத்த பொம்பிளைக்கு மேசனைப் பிடிச்சு, சாமான் பார்த்து வாங்கி, அடுத்த கட்டக் காசுக்கு டிஎஸ் ஒபிசுக்கு (பிரதேச செயலகத்துக்கு) நடக்கிறது லேசான வேலையில்ல. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்திலயும் இதே முறைதான், 550,000 ரூபா, 550 சதுர அடி வீடு. கூட ஒரு அறை, முன்னுக்கு விறாந்தை எண்டு பெருசாப் போட்டு கடனுக்குள்ள போன குடும்பங்களும் இருக்கு. காசோட சேர்த்து வாசலுக்கு வந்து பார்க்கிற ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இல்லாட்டி இந்த வழி பாதியில நிண்டுடும்.

உள்ளூராட்சிப் பக்கம் பார்த்தா கட்டின வீட்டுத்திட்டம் இன்னும் மோசம். காணி தெரிவு, பிளான் எல்லாம் நடந்த நேரம் மட்டக்களப்பில சனம் வாக்குப் போட்டுத் தெரிஞ்ச சபை ஒண்டும் இல்ல, நெடுங்காலத்துக்குப் பிறகு தேர்தல் நடந்ததே 2008 மார்ச்சில. வீடு கட்டினவங்க படம் எடுத்து, திறந்து வச்சிட்டுப் போயிடுவாங்க, உள்ளுக்க போற ரோட்டு, வடிகான், தெரு லைட், குப்பை இதெல்லாம் யாருட பொறுப்பு எண்டது பிறகுதான் வெளிய வரும், ஆளும் இல்ல பட்ஜெட்டும் இல்ல எண்டு சபை சொல்லும். மாரி மழைக்கு வடிகான் அடைச்சா வீட்டுக்காரர்தான் மண்வெட்டியோட இறங்கோணும். பழைய ஊருக்குள்ள கட்டின வீட்டுக்கு ரோட்டும் கிணறும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே இருக்கு.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில சவூதிக் காசில 500 வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் எண்டு ஒரு ஊரையே கட்டினாங்க. யாருக்குக் குடுக்கிறது எண்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஆளில்லாம வருசக்கணக்கா காடு பத்திக் கிடந்தது. அம்பாறை மாவட்டத்தில மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல சுனாமியில செத்த இடத்தில! சொந்த வளவில காசு குடுத்துக் கட்டின வீட்டுக்கு யாருக்கு எண்ட வழக்கே வராது.

அதால என்ட முடிவு, காணி இருக்கிற இடத்தில காசு வழிதான், விலை ஏற ஏற கட்டக் காசையும் கூட்டிக் குடுக்கோணும், தனிய நிக்கிற பொம்பிளையளுக்கு கட்டுறதுக்கு ஆள் உதவியும் வேணும். நாவலடி மாதிரி இருக்கவே ஏலாத இடத்துக்கு மட்டும் கட்டின வீடு, அதுவும் பொம்பிளைட பேரில, சொந்தக்காரர் பக்கத்துப் பக்கத்தில, சபைக்கு ரோட்டையும் வடிகானையும் எழுத்தில பாரம் குடுத்து. ஆய்வுக்குப் போற தம்பி தங்கச்சிமார், கேள்விக்கொத்தில வீட்டுத் தரத்துக்கு முன்னால மூண்டு கேள்வியைப் போடுங்க: பெர்மிட்டில யாருட பேர், பழைய வளவு இப்ப யாருட கையில, கடைசியா வடிகான் துப்புரவாக்கினது யார்.