குல்லோவைத் தேடுவோருக்கு இத்தாலிய நாடாளுமன்றத்தின் வரலாற்று இணையதளம்

நிலச்சீர்திருத்த வரலாறு படிப்பவர்கள் ஃபௌஸ்தோ குல்லோவைத் தவறவிடக் கூடாது. தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர், கம்யூனிஸ்ட். 1944 ஏப்ரல் முதல் 1946 ஜூலை வரை இத்தாலியின் வேளாண் அமைச்சர். ‘விவசாயிகளின் அமைச்சர்’ என்றே அவருக்குப் பெயர். அவரைப் பிறர் எழுதிய சுருக்கங்களில் படித்து அலுத்துப்போய்த்தான், இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை நடத்தும் வரலாற்று இணையதளத்துக்கு வந்தேன்.

1848 முதல் இருந்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் இங்கே தனிப் பக்கம் உண்டு. கட்டணம் கிடையாது. குல்லோவின் பக்கத்தில் கட்சிக் குழு, வகித்த பதவிகள், மசோதாக்கள், பேச்சுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு பேச்சைத் தொட்டால் அன்றைய அமர்வின் அச்சுப் பதிவே திறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பேச்சுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ‘இடப்பக்கம் கைதட்டல்’, ‘வலப்பக்கம் கூச்சல்’ என்று குறித்திருக்கிறார்கள். பிராந்தியங்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தருவதை அரசியல் நிர்ணய சபையில் குல்லோ எதிர்த்துப் பேசியதை இப்படிப் படிக்கும்போது, சபைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரசியல் நிர்ணய சபையில் இரண்டு குல்லோக்கள் இருந்தார்கள். இன்னொருவர் ரோக்கோ குல்லோ, சோஷலிஸ்ட். முழுப் பெயர் போட்டுத் தேடுவது நல்லது. எல்லாமே இத்தாலிய மொழியில் மட்டும்தான்; மொழிபெயர்ப்புக் கருவி துணைக்கு வேண்டும். பழைய அச்சு மங்கிய பக்கங்களில் அந்தக் கருவியும் திணறுகிறது.

பெரிய குறை வேறு. குல்லோவின் வாழ்க்கையில் முக்கியமான கட்டம் 1944 அக்டோபர். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமே இல்லை. அரசு ஆணைகளாலேயே சட்டம் போட்டது. தரிசாகவும் சரியாகப் பயிரிடாமலும் கிடந்த நிலத்தை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்க வழிசெய்த 279ஆம் எண் ஆணை அக்டோபர் 19 தேதியிட்டது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுபவர்களின் பங்கை உயர்த்திய ஆணையும் அப்போது வந்ததுதான். விவாதம் நடக்காததால் சபையின் பதிவுகளில் இவற்றுக்கு இடமில்லை. அமைச்சர் பதவியைக் குறிப்பிடும் ஒரு வரியோடு அந்த இரண்டு ஆண்டுகளும் கடந்துபோகின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் தெற்கே விவசாயிகள் சங்கம் சேர்ந்து, கையில் ஒரு சட்டத்தோடு பண்ணை நிலங்களுக்குள் இறங்கியது அந்த ஆணைகளின் பலத்தில்தான். நிலம் கேட்ட மனுக்கள் ஏராளமாகத் தள்ளுபடி ஆயின என்பது வேறு விஷயம்.

அந்தக் கட்டத்துக்கு ‘அகுஸ்தோ’ என்ற இன்னோர் இலவச அரசுத் தளம் இருக்கிறது. 1860 முதல் 1946 வரையிலான அரசிதழ்களை அங்கே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். தேதி தெரிந்தால் ஆணையை எடுத்துவிடலாம், தெரியாவிட்டால் சிரமம்.

1946 ஜூலையில் பிரதமர் தே காஸ்பெரி வேளாண் துறையை அந்தோனியோ சென்யியிடம் கொடுத்து, குல்லோவை நீதித் துறைக்கு மாற்றினார். 1947 மே மாதம் கம்யூனிஸ்டுகள் அரசிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். அதற்கப்புறம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த குல்லோவைப் படிக்க இந்தத் தளமே போதும், அவ்வளவு நிறைவாக இருக்கிறது. உறுப்பினர் பக்கத்திலிருந்து அரசிதழுக்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இப்போதைக்கு நான்கு.